படத்தின் ஓரத்தில் இருந்த குருவி

என் மகள் ஒரு பெரிய ஆமையின் கழுத்தைத் தடவிக்கொண்டு சிரிக்கும் படம் அலுவலகத்தில் என் மேசைமேல் இருக்கிறது. சீஷெல்ஸ் நாட்டின் கூஸான் தீவில் எடுத்தது. அப்போது அவளுக்கு நாலு வயது. படத்தைச் சட்டம் போட்டு வைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பக்கத்து மேசையில் சரக்கு ரசீதுகளைச் சரிபார்க்கும் உள்ளூர்க் கிரியோல் அம்மா ஒருநாள் அதைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். குழந்தையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் விரல் குழந்தையையும் தாண்டி, ஆமையையும் தாண்டி, படத்தின் ஓரத்தில் போய் நின்றது. "தீமெர்ல் தேஸில்" என்றார். எனக்குப் புரியவில்லை. விரலை எடுக்காமலே கேட்டார்: "பாடியதா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் காதுக்கு நேர் உயரத்தில் ஒரு தாழ்ந்த குச்சி. அதில் ஒரு பழுப்புக் குருவி. மெல்லிய நீண்ட அலகு. கால்களில் வளையங்கள்: இடது காலில் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், வலது காலில் நீலம், அதற்குக் கீழே ஓர் உலோக வளையம். நான் நின்று படம் எடுத்த இடத்திலிருந்து கையை நீட்டினால் குச்சியைத் தொட்டிருக்கலாம். உலகத்தில் ஐந்து சின்னத் தீவுகளில் மட்டும் வாழும் பறவை ஒன்று என் குழந்தையின் காதோரம் உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாடியிருந்தாலும் அது என் காதில் விழுந்திருக்காது என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

சீஷெல்ஸின் பெரிய தீவான மாஹேவுக்கு நான் கணக்கு வேலைக்காக வந்து ஆறு வருடம். இந்த நாட்டில் 115 தீவுகள் என்பார்கள். நமக்குத் தெரிந்தது தலைநகர் விக்டோரியா, அங்கே நவசக்தி விநாயகர் கோயில், சனிக்கிழமைச் சந்தை, லீவு கிடைத்தால் படகேறி பிரலேன் தீவு. வெளிநாட்டில் வேலை செய்பவனுக்கு ஊரைப் பார்க்க நேரம் இருக்கும், கவனிக்க நேரம் இருக்காது என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் படத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கொப்பரைக்குப் போன காடு

கிரியோல் அம்மா தீமெர்ல் தேஸில் என்ற அந்தக் குருவியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தால் சீஷெல்ஸ் நாணல் கதிர்க்குருவி என்றுதான் வரும். நம் ஊர் வேலியிலும் வாழைக்கொல்லையிலும் குளிர்காலம் முழுக்க 'டக், டக்' என்று நாக்கைத் தட்டுவதுபோலச் சத்தம் கொடுத்துக்கொண்டு, உடம்பைக் காட்டாமல் திரியுமே, அந்த பிளைத் நாணல் கதிர்க்குருவியின் இனம்தான். நம்முடையது ருஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மயிலாடுதுறைப் பக்கத்து வேலிக்கு வருகிறது. அதே இனத்தில் பிறந்த இந்தத் தீவுக் குருவியோ கூஸானுக்கும் அடுத்த தீவான கூஸீனுக்கும் நடுவே இருக்கும் 1.6 கிலோமீட்டர் கடலைத் தாண்டுவதே அபூர்வம். பறக்க முடியாமல் இல்லை. சிறகு நன்றாகத்தான் இருக்கிறது. பிறந்த இடத்தை விட்டுப் போவதில்லை, அவ்வளவுதான். பதினைந்து, பதினாறு கிராம் எடை. நம் வீட்டு மேசைக்கரண்டி ஒன்றில் அள்ளும் சர்க்கரை அளவு.

1877இல் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தபோது மரியான் தீவிலும் இது இருந்தது. பிறகு மரியானில் இல்லாமல் போனது, கூஸீனிலும் இல்லாமல் போனது. 1960களில் கூஸான் ஒன்றில் மட்டும், முப்பதுக்கும் குறைவாக மிஞ்சியிருந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 26. ஒரு பள்ளிக்கூட வகுப்பில்கூட அதைவிடக் கூடுதல் பிள்ளைகள் இருப்பார்கள்.

வேட்டையாடி யாரும் இதைத் தீர்க்கவில்லை. இதன் கறியால் யாருக்கும் பயனில்லை, இறகாலும் இல்லை. தென்னைதான் காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கூஸான் முழுக்கத் தென்னந்தோப்பாக மாற்றப்பட்டது. எண்ணெய்க்காகக் கொப்பரை. இங்கே எல்லாரும் கோப்ரா என்கிற அந்தச் சொல் நம் பக்கத்துச் சொல்தான். மலையாளக் கரையின் கொப்பரா போர்த்துகீசியர் நாக்கில் ஏறிக் கடலெல்லாம் சுற்றியது. தேங்காய் பொறுக்குபவர்கள் நடமாட வசதியாகத் தோப்பின் தரையைச் சுத்தமாக வைக்க வேண்டும். வேறு மரத்தின் கன்று எங்கே தலைகாட்டினாலும் பிடுங்கி எறிய வேண்டும். கிரியோல் அம்மாவின் தாத்தா வேறொரு தீவில் அந்த வேலைதான் செய்தாராம். "காலையில் கன்று பிடுங்குவார், மத்தியானம் தேங்காய் உரிப்பார். நல்ல மனுஷன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவன் நான். வயலில் நெல்லைத் தவிர மற்றதெல்லாம் களை என்று சொல்லி வளர்ந்தவன். இந்தத் தீவுகளுக்கு 1770இல் முதன்முதலாகக் குடியேற வந்த கூட்டத்திலேயே ஐந்து இந்தியர்கள் இருந்தார்கள். மரத்தை வெட்டிய கைகளில் நம் கைகளும் இருந்திருக்கும்.

1968இல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்புக் குழு கூஸானை விலைக்கு வாங்கியது. இன்றைக்கு பேர்ட்லைஃப் இண்டர்நேஷனல் என்ற பெயரில் இருக்கிற அமைப்பு அதுதான். இந்தக் குருவிக்காகத்தான் வாங்கினார்கள். இதைக் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசாதத் தட்டோடு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். கட்டட வேலை மேற்பார்வை பார்க்கும் திருவாரூர்த் தம்பி ஒருவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம ஊரு சிட்டுக்குருவி மாதிரிகூட லட்சணமா இல்லையே. இதுக்கா ஒரு தீவையே வாங்குனாங்க?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்க்கிறவர். தீவின் விலை என்னவாக இருக்கும் என்று அவர் மனசு போட்ட கணக்கை நானும் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அரிய பறவை, அழியும் நிலை என்று செய்தித்தாள் வார்த்தைகளாக ஏதோ சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

கொல்லையில் நின்ற மரம்

அவருக்கான பதிலைத் தேடிக்கொண்டு போனபோதுதான் அந்த மரம் வந்து மோதியது. தீவை வாங்கியவர்கள் குருவியைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கவில்லை, தீனி வைக்கவில்லை. தென்னங்கன்றுகளை எடுத்தார்கள், மற்றக் கன்றுகளைப் பிடுங்குவதை நிறுத்தினார்கள். பழைய காடு தானாக எழுந்தது. அப்படி எழுந்ததில் முக்கியமானது ஒரு மரம். இங்கத்து மொழியான கிரியோலில் ப்வா மாப்பு. தாவரப் பெயர் பிசோனியா கிராண்டிஸ். அந்தப் பெயரைப் பற்றிப் படித்துக்கொண்டே போகையில் அதன் இந்தியப் பெயர்களில் ஒன்று தமிழில் இருந்தது: லச்சகெட்ட கீரை.

ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் நின்ற மரம் அது. லச்சக்கொட்டை என்பார்கள், நச்சுக்கொட்டை என்பார்கள், எங்கள் அப்பாயி லச்சகெட்ட கீரை என்றுதான் சொல்வார். வெட்டிய கொம்பை எங்கே ஊன்றினாலும் வெட்கமில்லாமல் முளைப்பதால் அந்தப் பெயர் என்பது அவர் சொல்லும் காரணம். வெளிறிய மஞ்சள் பச்சையில் இலை, கையகலத்துக்கு. தூரத்தில் இருந்து பார்த்தால் மரம் முழுக்க வெயில் காய்கிற மாதிரி இருக்கும். அப்பாயி கொழுந்து இலைகளாகப் பார்த்துப் பறித்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் முறத்தில் போடுவார். பூச்சி இருக்குமாம். பாசிப்பருப்போடு கடைந்து, பூண்டு தாளித்துப் போட்டால் தாத்தாவின் முழங்கால் வலிக்கு நல்லது. அந்த மரம் பூத்து நான் பார்த்ததில்லை, காய்த்தும் பார்த்ததில்லை. நம் ஊரில் வீடுகளில் நிற்பது கொம்பு ஊன்றிப் பரவிய வெளிர் இலை வகை. கடல் தீவுகளில் நிற்பது அதன் காட்டு வடிவம். இலை கரும்பச்சை, மரம் பெரிது.

அப்பாயியின் கட்டைவிரல் துடைத்த அந்தப் பின்பக்கம்தான் விஷயமே. தீமெர்ல் குருவியின் சாப்பாடு பூச்சி. அதில் பெரும்பகுதியை இலைகளின் அடிப்பக்கத்திலிருந்துதான் பொறுக்குகிறது. ப்வா மாப்பின் இலையடி, நுணா மரத்தின் இலையடி. தென்னை ஓலையில் அதற்கு வேண்டியது கிடைக்காது. கன்று பிடுங்கியவர்கள் குருவியின் பத்தாயத்தைத்தான் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி எறிந்தார்கள், அவர்களுக்கே தெரியாமல். பிடுங்குவதை நிறுத்தியதும் பத்தாயம் நிரம்பியது. 1980களின் தொடக்கத்தில் கூஸானில் சுமார் 320 குருவிகள் இருந்தன. அதற்குமேல் அந்தத் தீவில் இடமில்லை. வெறும் 29 ஹெக்டேர். நம் கணக்கில் எழுபது ஏக்கர் சொச்சம், பத்து வேலி நிலம். பெரிய மிராசுதார் ஒருவருக்கு அந்தக் காலத்தில் அதைவிட அதிகம் இருந்தது.

பிறகு அவற்றை வேறு தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1988இல் 29 குருவிகள் அரீட் தீவுக்கு. 1990இல் 29 கூஸீனுக்கு. 2004இல் 58 டெனி தீவுக்கு. 2011இல் 59 ஃப்ரிகேட்டுக்கு. இப்போது ஐந்து தீவிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேல். திருவாரூர்த் தம்பியிடம் சொல்ல எனக்கு இப்போது ஒரு வரி கிடைத்தது: அவர்கள் விலை கொடுத்து வாங்கியது இலையின் அடிப்பக்கத்தை. அந்த மரம் எது என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க அம்மா வாரம் ஒருநாள் கடைவாங்களேண்ணே" என்றார். அதற்குப் பிறகு தீவின் விலையைப் பற்றி அவர் பேசவில்லை.

நான் மறுபடி கூஸான் போகணும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். முதல் தடவை பார்க்காமல் விட்டதைப் பார்ப்பதற்கு. கைப்பேசியில் அந்தப் படத்தை, காலின் வளையங்கள் தெரிகிற மாதிரி வெட்டி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட்

தென்கிழக்குக் காற்று வீசும் மாதம். பிரலேனிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், ஆனாலும் படகு கிடந்து ஆடியது. மனைவி சிவசிவா என்று கண்ணை மூடிக்கொண்டார். கூஸானில் எந்த வெளிப்படகும் கரை ஏறக்கூடாது. தீவுக்காரர்களின் படகு கடலுக்குள் வந்து நம்மை மாற்றி ஏற்றிக்கொள்கிறது. படகோடு ஒரு எலி கரையேறிவிட்டால் போதும், தரையில் கூடு வைக்கும் பறவைகள் எல்லாம் முடிந்தது. கூஸானில் எலி கிடையாது, பூனை கிடையாது. அவர்கள் படகு அலையின் முதுகைப் பார்த்து ஒரே மூச்சில் வேகமெடுத்து மணலில் போய் ஏறியது. மகள் "இன்னொரு தடவை" என்றாள்.

இறங்கியதும் கொசு. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நின்று பார்க்க நினைக்கிறவனை அது நிற்கவிடாது. கொசுவோடு நிற்பது என்று மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டுதான் நின்றேன். காற்றடிக்கும் கரைப்பக்கம் மரங்கள் பொலிவாக இல்லை. உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து இலைகள் ஓரம் கருகி, உதிர்ந்து கிடந்தன. உள்ளே போகப் போக இலை அடர்ந்தது. ப்வா மாப்பு மரங்கள் யானைக்கால் போன்ற சாம்பல் நிற அடிமரத்தோடு நின்றன. ஒடிந்து விழுந்த கொம்புகள் விழுந்த இடத்திலேயே துளிர்த்திருந்தன. அப்பாயி சொன்ன வெட்கம்கெட்ட குணம் அப்படியே இருக்கிறது. ஒரு கிளையின்மேல், கூடு என்று ஒரு துரும்புகூட இல்லாமல், வெள்ளை ஆலாவின் குஞ்சு ஒன்று பஞ்சு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே கிளைக்குக் கிளை நாடிகள் (noddy), கருத்த ஆலா வகை. உதிர்ந்த மாப்பு இலைகளை எச்சத்தால் ஒட்டிக் கூடு கட்டியிருந்தன. அந்த எச்சம்தான் மரத்துக்கு உரம்.

அதே மரத்தின் அடியில் ஒரு நாடி செத்துக் கிடந்ததையும் பார்த்தேன். சிறகு முழுக்கக் குச்சி குச்சியாகப் பிசின் காய்கள் ஒட்டியிருந்தன. ப்வா மாப்பின் காய் பலாப்பிசின் போலப் பிடிக்கும். பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டு அடுத்த தீவுக்குப் போக மரம் கண்ட வழி அது. சில சமயம் அளவுக்கு மேல் ஒட்டி, சிறகை விரிக்க முடியாமல் செய்துவிடும். மகள் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மரம் ஏம்ப்பா புடிச்சுக்கிச்சு?" என்றாள். விதையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித்தான் மரம் கொடுத்தது, இதற்குக் கொஞ்சம் பாரம் கூடிப்போச்சு என்றேன். அவள் ஒரு காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் நெடுநேரம் தேய்த்தாள். குருவியைக் காப்பாற்றிய மரம் என்று அதுவரை நெஞ்சில் ஒரு கோயில் கட்டி வைத்திருந்தேன். இந்த மரம் யாரையும் காப்பாற்றுவதற்காக நிற்கவில்லை என்பது அந்தச் சிறகைப் பார்த்தபோது உறைத்தது. அதனால் மரத்தின்மேல் எனக்கு மதிப்பு குறையவும் இல்லை.

நடைபாதை ஒரு சின்ன வெளியில் திரும்பும் இடத்தில் ஆமை நின்றது. படத்தில் இருக்கும் அதே இடம். கல்லைப் பார்த்து அடையாளம் கண்டேன். அங்கே கழுத்தில் தொலைநோக்கியும் கையில் குறிப்பேடுமாக ஒரு இளம்பெண் நின்றார். ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஆய்வு மாணவி. இந்தக் குருவிகளை 1980களின் நடுவிலிருந்து விடாமல் கவனித்து வருகிறார்கள். யான் கோம்டுர் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் தொடங்கிய வேலை. கூஸானில் ஏறக்குறைய எல்லாக் குருவிக்கும் காலில் மூன்று நிற வளையமும் ஓர் உலோக வளையமும் உண்டு. நிறங்களின் வரிசைதான் அதன் பெயர். யார் யாருக்குப் பிறந்தது, யார் எந்தக் காணியை ஆள்கிறது, யார் யாருடைய குஞ்சுக்கு ஊட்டுகிறது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. காணி என்பது என் சொல். ஒவ்வொரு ஜோடிக்கும் இவ்வளவு மரம், இவ்வளவு இலை என்று எல்லை இருக்கிறது. எங்கள் ஊர்ப் பத்திரங்களில் நாலு எல்லை எழுதுவதைவிடக் கறாராக அவை அதைக் காக்கின்றன.

அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்த ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும். 1997இல் வெளியானது. இலை வளம் குறைந்த காணியில் பிறக்கும் குஞ்சுகளில் 77 சதவீதம் ஆண். வளமான காணியில் ஆண் 13 சதவீதம்தான். மகன் வளர்ந்ததும் வெளியே போய்விடுவான். மகள் பெரும்பாலும் கூடவே தங்கி, அடுத்த குஞ்சுக்கு ஊட்டக் கைகொடுப்பாள். தங்குகிறவளுக்கும் சோறு வேண்டுமே, அதனால் சோறு உள்ள வீட்டில்தான் மகள். ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. அதில் இவ்வளவு கணக்கு. அதை உடைத்துக் குடிக்க டொக்டொக் என்ற இன்னொரு தீவுக் குருவி காத்திருக்கும். பெண் இரைதேடப் போகும்போது ஆண் கூட்டருகே காவல் நிற்க வேண்டும். பறக்கத் தொடங்கிய குஞ்சுக்கும் மூன்று மாதம் வரை ஊட்ட வேண்டும்.

நான் கைப்பேசியை நீட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், உலோகம். அவர் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எந்த வருடம் எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். குறிப்பேட்டில் பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, ஒரு வரியில் விரல் வைத்தார். இந்தக் காணியின் ஆண். பதினோரு வயது. இந்த வருடம் யாரும் பார்க்கவில்லை.

வேறு தீவுக்குப் போயிருக்குமோ என்று கேட்டேன். கேட்கும்போதே அந்த 1.6 கிலோமீட்டர் எனக்குள் வந்து நின்றுவிட்டது. அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். இவை போவதில்லை. தீவு சின்னது, தேடுகிறவர்கள் தினமும் தேடுகிறார்கள். ஒரு பருவம் முழுக்கக் கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுவார்கள். சொல்லிவிட்டு ஆறுதலாக, "பதினோரு வருடம் நல்ல ஆயுள்" என்றார். சில குருவிகள் பத்தொன்பது வருடம் வரை இருந்திருக்கின்றன என்றும் சொன்னார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்தது துக்கமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிவிட்டது என்று திண்ணையில் கேள்விப்படுவதைப்போல இருந்தது. பார்த்துக்கொள்ளலாம், இங்கேதானே இருக்கப்போகிறது என்று இரண்டு வருடம் எண்ணியிருந்தேன். என் மகளின் காதோரம் அது உட்கார்ந்திருந்த அந்த அரை நிமிடம்தான் எனக்கும் அதற்குமான நேரம். அதில் நான் வேறு பக்கம் திரும்பியிருந்தேன். கூஸானில் முந்நூற்றுச் சொச்சம் குருவிகள் இருக்கின்றன, ஒன்றைப் பார்த்தால் என்ன, வேறொன்றைப் பார்த்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். குறிப்பேட்டில் அப்படி எழுதி வைக்கவில்லையே. ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கிறது. வரி முடியும் இடமும் இருக்கிறது.

அந்தப் பெண் மகளின் தோளைத் தொட்டு மேலே காட்டினார். தலைக்கு மேலே இரண்டடியில் ஒரு மாப்பு இலை ஆடியது. மற்ற இலைகள் ஆடவில்லை. இலையின் ஓரத்தைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு, தலைகீழாக, ஒரு பழுப்புக் குருவி. கால் நீலம் கலந்த சாம்பல் நிறம். அலகால் இலையடியை ஒரு நரம்போடு நரம்பாகத் தடவிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் நின்றது. கண்ணுக்கே தெரியாத வெள்ளையாக ஏதோ ஒன்றை எடுத்தது. அப்பாயியின் கட்டைவிரல். விழுங்கவில்லை. அடுத்த இலைக்குத் தாவி, இன்னொன்றையும் எடுத்து அலகிலேயே சேர்த்து வைத்துக்கொண்டது. "யாருக்கோ கொண்டுபோகிறது" என்றார் அந்தப் பெண். தொலைநோக்கியில் வளையங்களைப் படித்து எழுதிக்கொண்டு, எனக்குச் சொன்னார்: படத்தில் இருப்பதன் மகள்களில் ஒன்று. காணியை விட்டுப் போகவில்லை. தாயோடு தங்கியிருக்கிறது. தாய்க்கு இப்போது புது ஜோடி. கூட்டில் இருப்பது அவர்களுடைய குஞ்சு. இந்த மகள் அதற்கு ஊட்டுகிறது.

அது எங்களை ஒருமுறை பார்த்தது. பயம் இல்லாத பார்வை. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரலை நசுக்கினாள். பிறகு அது இலைகளுக்குள் ஏறிப் போய்விட்டது. அது போன திசையிலிருந்து, இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து, சீழ்க்கை கேட்டது. மனுஷர் யாரோ பழைய மெட்டு ஒன்றை ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி, நாலைந்து சுரம், ஒரு நிறுத்தம், திரும்பவும் அதே சுரங்களை இடம் மாற்றி. கணீரென்று இருந்தது. பதினைந்து கிராம் உடம்பிலிருந்து வருகிற சத்தம் என்று நம்ப முடியவில்லை. புது ஆண் பாடுகிறது என்றார் அந்தப் பெண். மகள் என் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கொசு அவள் முழங்கையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. கையை இறக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கிரியோல் அம்மாவின் மேசையில் போய் நின்று அதைப் போட்டுக் காட்டினேன். கடல் இரைச்சலுக்கும் ஆலாக்களின் கரைச்சலுக்கும் நடுவே அந்த நாலைந்து சுரம் வந்தது. படத்தில் இருக்கிற குருவி இல்லை, அது போய்விட்டது, இது வேறு, அதே மரம் என்று சொன்னேன். அவர் பேசாமல் கேட்டார். முடிந்ததும் விரலால் சைகை காட்டினார், இன்னொரு தடவை. இரண்டாம் முறை கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றி ரசீதுக் கட்டின்மேல் வைத்திருந்தார். பிறகு எழுந்து என் மேசைக்கு வந்து, அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.